சி.என்.சி ரவுட்டர் செய்கிறீர்களா? முதல் காசு சட்டகத்துக்கு

மரவேலைக்குச் சொந்தமாக சி.என்.சி ரவுட்டர் (கணினி சொல்லும் வழியில் பலகையை வெட்டும் இயந்திரம்) செய்ய ஆசைப்படும் நம் மலையகப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய மோட்டருக்குக் காசைக் கொட்டாதீர்கள், சட்டகத்தைப் பலப்படுத்துங்கள். சட்டகம் நடுங்கினால் எந்த மோட்டராலும் சுத்தமாக வெட்ட முடியாது.

வெட்டும் மோட்டரைத் தாங்கிக் குறுக்கே போகும் பாலத்துக்கு 50க்கு 50 மில்லிமீட்டர் பொக்ஸ் பாருக்கு (உள்ளே வெற்றிடமான சதுர இரும்புக்குழாய்) பதில், அதே 3 மில்லிமீட்டர் தடிப்பில் 100க்கு 50 வாங்கி, 100 பக்கம் உயரமாக நிற்க நிமிர்த்திப் போடுங்கள். எடை ஒன்றரை மடங்குதான் ஆகும்; கீழ்நோக்கி வளையாமல் நிற்கும் விறைப்போ ஐந்து மடங்குக்கு மேல். பழைய இரும்புக் கடையில் கிடைத்தாலும் போதும், முறுக்கல் இல்லாமல் பார்த்து எடுங்கள். பக்கத் தூண்கள் குட்டையாக இருக்கட்டும். அதே தடிப்பில் உயரம் இரட்டித்தால் சாய்வு எட்டு மடங்காகும். பலகை வெட்ட, பாலத்துக்கும் மேசைக்கும் நடுவே 75 மில்லிமீட்டர் இடைவெளி தாராளம்.

அப்புறம், பாகங்கள் ஓடும் தண்டவாளமாக இரண்டு முனையில் மட்டும் பிடித்த உருளைக் கம்பி வேண்டாம், நடுவில் தொய்யும். நீளம் முழுக்கத் தாங்கல் உள்ளதை வாங்குங்கள்.

நுவரெலியா, அட்டன் பக்கத்து ஈரத்துக்கு எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மேசை ஊதிவிடும். அதன் ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடியுங்கள். இரும்புக்கு பெயின்ட், தண்டவாளத்துக்கு மெல்லிய எண்ணெய்.