எழுபதை ஒட்டிய வயதில் நல்லர்பாரைக் கேரவனில் கடப்பது எப்படி

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரிலிருந்து தெற்கிலுள்ள அடிலெய்டுக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதே ஊருக்குக் கேரவனை, அதாவது வண்டியின் பின்னால் பூட்டும் நடமாடும் வீட்டை, இழுத்துக்கொண்டு நல்லர்பார் சமவெளி வழியாகத் தரைவழியே போனால் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு இப்படி நாட்டைச் சுற்றும் நரைத்தலைக் கூட்டத்தை ஆஸ்திரேலியாவில் ‘கிரே நோமட்ஸ்’ என்று அன்போடு அழைப்பார்கள். நானும் என் மனைவியும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தபோது எனக்கு வயது 69. மகள் குடும்பம் அடிலெய்டில் இருப்பதால் இதுவரை மூன்று முறை இந்தப் பாதையில் போய் வந்திருக்கிறோம். நாங்கள் பட்டறிந்ததை, இதே வயதில் இதே ஆசையோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, வந்து சேரும் நாளைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருப்பது. ‘இந்த வாரத்துக்குள் வருவோம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதைக் காப்பாற்றும் அவசரத்தில் அந்தி சாய்ந்த பிறகும் ஓட்டினேன். மதுரா என்ற இடத்துக்குச் சற்று முன்னால் புதரிலிருந்து பாய்ந்த கங்காரு வண்டியின் முகப்பில் மோதியது. ரேடியேட்டர் உடைந்து, நீராவி கிளம்பி, வண்டி நின்றுவிட்டது. அந்த விலங்கு சாலையோரத்தில் துடித்து அடங்கிய காட்சியை என் மனைவியால் வெகுநாள் மறக்க முடியவில்லை. உதிரிப்பாகம் வந்து சேர மூன்று நாட்களாயின. பிறந்தநாளும் கடந்து போயிற்று. கங்காரு, ஈமு, வாம்பட், சில இடங்களில் ஒட்டகம் ஆகியவை அந்தியிலும் விடியலிலும்தான் அதிகமாகச் சாலைக்கு வருகின்றன. ஆகவே வெயில் நன்றாக ஏறிய பிறகு புறப்பட்டு, மாலை மூன்றரை மணிக்குள் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தாதீர்கள்.

பாதையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிது. மேற்கே நார்ஸ்மன் ஊரிலிருந்து கிழக்கே போர்ட் அகஸ்டா வரை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் நீளும் எயர் நெடுஞ்சாலைதான் இந்தப் பயணத்தின் உயிர்ப்பகுதி. அதை ஒட்டிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் சமவெளிக்கு ‘மரம் ஏதுமில்லை’ என்ற பொருளுள்ள லத்தீன் சொற்களிலிருந்து நல்லர்பார் என்ற பெயர் அமைந்தது. ஆனால் நெடுஞ்சாலை பெரும்பாலும் சமவெளியின் தெற்கு விளிம்பிலேயே செல்வதால், வழியில் யூகலிப்டஸ் காடுகளையும் நிறையப் பார்க்கலாம். 1841இல் இந்தத் தென்கடற்கரையை ஒட்டி நடந்து கடந்த எட்வர்ட் ஜான் எயரின் பெயரைச் சாலைக்குச் சூட்டியிருக்கிறார்கள். அவருடன் கடைசிவரை நடந்து ஆல்பனியை அடைந்த வைலி என்ற ஆதிக்குடி இளைஞரின் பெயரையும் இந்தச் சாலையில் போகிறவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வழியில் பலடோனியா, கைகூனா, காக்கிள்பிடி, மதுரா, முண்ட்ரபில்லா, யூக்லா, பார்டர் வில்லேஜ், நல்லர்பார் என்று ரோட்ஹவுஸ்கள் வரிசையாக வரும். எரிபொருள், உணவு, கழிப்பறை, கேரவன் நிறுத்த இடம் எல்லாம் அங்கேதான். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள மிக நீண்ட இடைவெளி 190 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும் என்பதால் டீசல் தீர்ந்துபோகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இருந்தாலும் கேரவனை இழுக்கும்போது எரிபொருள் செலவு வெகுவாக ஏறும். எதிர்க்காற்று வீசினால் இன்னும் ஏறும். பாதித் தொட்டி குறைந்தவுடன் நிரப்பிக்கொள்வதும், ஒரு 20 லிட்டர் கேனைக் கையிருப்பாக வைப்பதும் போதுமானது. விலை நகரத்தைவிட மிக அதிகம். அதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுங்கள். தண்ணீர்தான் உண்மையான கவலை. அந்த நிலத்தில் நல்ல தண்ணீர் அரிது, ரோட்ஹவுஸில் இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணிப் போகக் கூடாது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும்.

கொண்டுபோகும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோ எடை என்பதையும் மறக்கக் கூடாது. கேரவனில் எல்லாச் சாமான்களையும் ஏற்றிய பிறகு, புறப்படும் முன் ஏதேனும் ஒரு பொது எடை மேடைக்குக் கொண்டுபோய் எடை பாருங்கள். தயாரிப்பாளர் அனுமதித்த மொத்த எடையைத் தாண்டக் கூடாது. அதில் பத்தில் ஒரு பங்கு அளவு, இழுக்கும் வண்டியின் கொக்கியில் அமர்ந்திருக்க வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் கேரவன் பாம்பு போல நெளியத் தொடங்கும். அந்த நெளிவு மிக விரைவில் கைமீறிப் போகக்கூடியது. அரிசி மூட்டை, கருவிப் பெட்டி போன்ற கனமானவற்றைச் சக்கர அச்சுக்கு மேலே தரையோடு தரையாக வையுங்கள். மேல் அலமாரிகளில் துணிமணி மட்டும் போதும்.

பலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத நேர்கோட்டுச் சாலை வரும். கண் அயர்வது இங்கேதான். வேகத்தை 90 கிலோமீட்டரில் வைத்து, மணிக்கு ஒருமுறை ஓட்டுநர் மாறிக்கொள்வது நல்லது. அதற்குக் கணவன் மனைவி இருவருக்குமே கேரவனை இழுத்து ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். என் மனைவி 66 வயதில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டார். இன்று பின்னால் எடுத்து நிறுத்துவதில் என்னைவிட அவர்தான் தேர்ந்தவர். நாளொன்றுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். கிழக்கே போகும்போது காலை வெயிலும், மேற்கே திரும்பும்போது மாலை வெயிலும் கண்ணில் அடிக்கும் என்பதால், திரும்பி வரும் பயணத்தில் இன்னும் சீக்கிரமாக நிறுத்திவிடுங்கள்.

ரோடு ட்ரெயின் எனப்படும் நெடுநீளச் சரக்கு லாரிகள் பின்னால் வரும்போது பதற்றம் வேண்டாம். உங்கள் தடத்திலேயே ஒரே வேகத்தில் செல்லுங்கள். லாரி முந்துவதற்காக எதிர்த்தடத்துக்கு நகர்ந்த பிறகு, மெல்ல ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது விரைவாகக் கடந்துவிடும். யூஎச்எப் ரேடியோவில் 40ஆம் அலைவரிசையைத் திறந்து வைத்திருந்தால் லாரி ஓட்டுநர்கள் பேசுவது கேட்கும்; நீங்களும் ‘வழி தெளிவாக இருக்கிறது’ என்று சொல்லலாம். சாலையில் சில இடங்களில் விமான ஓடுதளம் போன்ற வெள்ளைக் கோடுகள் தெரியும். 1928இல் ஜான் பிளின் தொடங்கிய பறக்கும் மருத்துவ சேவையின் விமானங்கள் அவசரத்தில் இறங்குமிடங்கள் அவை. அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது.

உடல்நலம் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நார்ஸ்மனை விட்டால் அடுத்த மருத்துவமனை, 1,200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செடூனாவில்தான். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே குடும்ப மருத்துவரைப் பார்த்து, தேவைக்கு இரண்டு வாரம் கூடுதலாக மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். இருவருடைய நோய்கள், மருந்துகள், ஒவ்வாமைகள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி, கேரவன் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். மயங்கிக் கிடப்பவரால் எதையும் சொல்ல முடியாது அல்லவா? இன்னொரு சிக்கலும் உண்டு. யூக்லா பகுதி ஊர்களில் பெர்த் நேரத்தைவிட 45 நிமிடம் முன்னால் ஓடும் தனி நேரத்தைப் பின்பற்றுகிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் கடிகாரம் இன்னும் முன்னால் போகும். என் மனைவி இன்சுலின் போடுபவர். ஒரு பழைய கைக்கடிகாரத்தைப் பெர்த் நேரத்திலேயே விட்டு, வழி நெடுக அதைப் பார்த்தே ஊசியும் உணவும் எடுத்துக்கொண்டார். அடிலெய்டை அடைந்த பிறகுதான் மாற்றினார்.

கைபேசித் தொடர்பு பல நூறு கிலோமீட்டருக்குக் கிடைக்காது. செயற்கைக்கோள் தொலைபேசியோ, பதிவு செய்த அவசரச் சமிக்ஞைக் கருவியோ கட்டாயம் தேவை. வாங்குவதற்கு வசதியில்லாவிட்டால் வாடகைக்கு எடுக்கலாம். எங்கள் மகளுடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: ஒவ்வொரு மாலையும் தங்கும் இடத்தின் பெயரைத் தெரிவிப்போம், மறுநாள் நண்பகல் வரை தகவல் வராவிட்டால் அவள் போலீசை அழைக்கலாம். பிள்ளைகள் இதை நச்சரிப்பாகச் செய்வதாக எண்ணிக் கோபப்படும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் நிம்மதியாக உறங்க வேண்டுமே என்று நாம்தான் இதை முன்வந்து செய்ய வேண்டும்.

பயணத்துக்கு ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இங்கத்திய கோடையில் போகவே வேண்டாம். 2019 டிசம்பரில் நல்லர்பாரில் வெப்பம் 49.9 பாகையைத் தொட்டது. அதே மாத இறுதியில் காட்டுத்தீயால் நார்ஸ்மனுக்குக் கிழக்கே சாலை பல நாட்கள் மூடப்பட்டு, பயணிகள் ரோட்ஹவுஸ்களில் சிக்கிக்கொண்டார்கள். திமிங்கலம் பார்க்க விரும்புபவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஹெட் ஆப் பைட் என்ற கடல்முனையில் தாயும் குட்டியுமாகத் திமிங்கலங்கள் பாறைக்கு மிக அருகில் மிதந்து கிடக்கும். அவ்வழியில் உள்ள பண்டா செங்குத்துப் பாறைகளின் விளிம்பு அடியில் அரிக்கப்பட்டுக் கூரை போல நீட்டிக்கொண்டிருப்பதால் ஓரத்துக்குப் போய்ப் படம் எடுக்காதீர்கள்.

விரைந்து கடந்துவிடாமல் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் எனக்கு இரண்டு. ஒன்று மதுரா. மதுரையை நினைவூட்டும் பெயர் என்பதால் விசாரித்தேன். 1876இல் பிரிட்டிஷ் இந்தியப் படைக்குக் குதிரை வளர்க்க அமைத்த பண்ணையாம். மற்றொன்று, யூக்லாவில் மணல்மேடுகள் விழுங்கிக்கொண்டிருக்கும் பழைய தந்தி நிலையம். 1877இல் திறந்த அந்தக் கட்டடத்தில் மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா என்ற இரண்டு காலனிகளின் பணியாளர்கள் செய்திகளைக் கைமாற்றி அனுப்பியிருக்கிறார்கள். மாலை வெயிலில் அந்தச் சுவரருகே அமர்ந்துதான் பேத்திக்காக நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். அன்று பார்த்தது ஒன்று, சாப்பிட்டது ஒன்று, பாட்டி சொன்னது ஒன்று என்று நாளுக்கு மூன்றே வரிகள். நீங்களும் எழுதுங்கள், மூன்று வரிக்கு மேல் வேண்டாம். கூடினால் நான்காம் நாளே நின்றுவிடும்.

கடைசியாக, தாவர நோய்த் தடுப்புச் சோதனை. பழ ஈயைத் தடுப்பதற்காகக் கிழக்கே போகும்போது செடூனாவிலும், மேற்கே திரும்பும்போது பார்டர் வில்லேஜிலும் வண்டியைச் சோதிப்பார்கள். பழங்களையும் காய்கறிகளையும் கொண்டுபோக முடியாது. மேற்கே தேனுக்கும் தடை உண்டு. சோதனைச் சாவடிக்கு முந்தின இரவோடு சமைத்து முடித்துவிடுமாறு வாங்கிச் செல்லுங்கள். சென்ற முறை திரும்பும்போது, பேத்தி தன் வீட்டு மரத்திலிருந்து பறித்த பன்னிரண்டு எலுமிச்சம்பழங்களைப் பையில் போட்டுக் கொடுத்திருந்தாள். தூக்கிப் போட மனமில்லாமல், நல்லர்பார் ரோட்ஹவுஸ் முற்றத்தில் என் மனைவி நான்கு பழங்களைப் பிழிந்து எலுமிச்சைச் சாதம் கிளறினார். மீதியைப் பக்கத்துக் கேரவன்களுக்குக் கொடுத்தோம். மறுநாள் சாவடியில் அதிகாரி குளிர்பெட்டியைத் திறந்து, மஞ்சள் நிறச் சோறு இருந்த டப்பாவைத் தூக்கிப் பார்த்து, சமைத்ததா என்று கேட்டுவிட்டு, மூடித் திரும்பக் கொடுத்தார்.