குளிர் மாதங்களில் டென்ச் மீன் பிடித்தல்

கெண்டை மீன்களுக்கு உறவான டென்ச், நீர் குளிரக் குளிர இரை தேடுவதைக் குறைத்துக்கொண்டு அடிச்சேற்றை ஒட்டி ஏறத்தாழ அசைவின்றிக் கிடக்கும். ஆகவே எந்த நாளில் போகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. உறைபனி விழுந்த மறுநாளைத் தவிர்த்துவிடுங்கள். மேகம் மூடி, மூன்று நான்கு நாட்களாகக் குளிர் தணிந்திருக்கும்போது, பிற்பகல் முதல் இருட்டும் வரையிலான நேரமே ஏற்றது.

நன்னீர் 4 டிகிரி செல்சியசில் மிக அடர்த்தியாகி அடியில் தங்குவதால், கடுங்குளிரில் மேற்பரப்பைவிட ஆழமே சற்று வெப்பமாக இருக்கும்; கோடையில் மீன் மேய்ந்த கரையோரத்தை விட்டு அங்கே தூண்டில் போடுங்கள்.

மண்புழுவின் சிறு துண்டோ இரண்டு ஈப்புழுக்களோ போதும், முள்ளும் சிறியதாக இருக்கட்டும். முன்கூட்டித் தூவும் இரை ஒரு கைப்பிடியைத் தாண்டக் கூடாது.

தக்கையைக் கவனிப்பதே இதில் நுட்பமான பகுதி. முள்ளிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளிக் கடைசி ஈயக்குண்டு தரையைத் தொடுமாறு ஆழத்தை அமையுங்கள். தலைகீழாகச் சாய்ந்து இரையை எடுக்கும் டென்ச் நிமிரும்போது ஈயமும் உடன் எழும்புவதால், தக்கை மூழ்காமல் மெல்ல உயர்ந்து நீர்மேல் படுத்துவிடும். அந்தக் கணத்தில் சுண்டுங்கள். குளிரில் இந்த அசைவு ஒரு விரற்கடை அளவே இருக்கக்கூடும் என்பதால் கண்ணை எடுக்காதீர்கள்.

சிறு செதில்களின்மேல் தடித்த வழவழப்புப் படலம் இருக்கும். அதுவே மீனுக்குக் காப்பு என்பதால், கைகளை நன்றாக நனைத்த பிறகே மீனைத் தொட்டு, முள்ளை எடுத்து, நீரில் விடுங்கள்.