பிரமை என்று எழுதும் முன்

மருத்துவக் கட்டுரைகளைத் தமிழாக்க வரும் புதியவர்களின் பிரதியைத் திருத்தும்போதெல்லாம் என் பழைய பிழைகளே எதிரே வந்து நிற்கின்றன. ஒற்று மிகுமா மிகாதா என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் சிவப்புப் பேனாவை எடுப்பது ஆங்கிலத்தின் 'hallucination' தமிழாகும் இடங்களில்.

எல்லாவற்றுக்கும் 'பிரமை'

இருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிந்தால் அது திரிபுக்காட்சி. கயிறாவது அங்கே இருக்கிறது. வெறுந்தரையில் பாம்பு நெளிவதாகத் தெரிந்தால் மாயத்தோற்றம், அதுதான் hallucination. பாம்பையே பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரர் தன்மீது பாம்பை ஏவப்போகிறார் என்று ஒருவர் எந்தச் சான்றுக்கும் அசையாமல் சாதித்தால், அதற்கும் புலனுக்கும் சம்பந்தமில்லை, அது பிறழ்நம்பிக்கை. முதல் இரண்டையும் பிரெஞ்சு மனநல மருத்துவர் எஸ்கிரோல் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பிரித்துக் காட்டிவிட்டார். நாம் இன்னும் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறோம்.

அந்த மூட்டையை நானும் சுமந்தவன். மனநல வினாத்தாள் ஒன்றில் 'உங்களுக்குப் பிரமை ஏற்படுவதுண்டா?' என்று எழுதினேன். ஒரு பெண்மணி 'ஆம்' என்று குறித்திருந்தார். விசாரித்தால், கணவர் இறந்த அன்று பிரமை பிடித்து உட்கார்ந்திருந்ததைச் சொன்னாராம். நாள்முழுக்கக் குரல் கேட்டுக்கொண்டிருந்தவரோ 'இல்லை' என்று குறித்திருந்தார். அவருக்கு அந்தக் குரல் நிஜம்; பிரமை என்பது அடுத்தவர் தீர்ப்பு. அச்சடித்த தாள் அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. 'பக்கத்தில் யாரும் இல்லாதபோது பேச்சுக்குரல் கேட்கிறதா?' இவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும். (மெய்யறிவைக் குறிக்கும் வடசொல்லும் தமிழில் பிரமை என்றே வரும் என்பது தனிக் கூத்து.) போன வாரம் வந்த பிரதியிலும் அதே கேள்வி. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

காதுக்கும் 'தோற்றம்'

மாயத்தோற்றம் கண்ணுக்குச் சரி. தோலுக்கடியில் பூச்சி ஊர்வதும் இல்லாத வாடை அடிப்பதும் எப்படித் தோற்றமாகும்? இல்பொருள் உவமை படித்தவர்கள்தானே நாம். 'இல்பொருள் உணர்வு' என்று நான் எழுதுகிறேன்.

கானல்நீர்

கேமராவிலும் விழும். இல்பொருள் உணர்வுக்கு அது உவமையாகக்கூட வேண்டாம்.

'வெறும் கற்பனை'

கற்பனையை நினைத்தால் நிறுத்தலாம். இல்பொருள் உணர்வை முடியாது.

கண்டாலே மனநோய்

1760இல் ஜெனீவாவின் இயற்கையியலாளர் ஷார்ல் பொன்னே தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். பார்வை மங்கிய அந்த முதியவருக்கு ஆட்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்தன. புத்தி தெளிவாகவே இருந்தது, அவை நிஜமல்ல என்பதும் தெரிந்திருந்தது. தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, எழுந்து பார்த்தவர்கள் நம்மிலும் உண்டு. 'மனநோயாளிகளுக்கு மட்டுமே வரும்' என்று தொடங்கும் பிரதியில் அந்த 'மட்டுமே'யை வெட்டிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.