மார்லீஸ் எண்டா ஆர்? ரொறன்ரோவுக்குப் புதுசா வந்தவைக்கு ஹொக்கி ஏணி

நான் இஞ்ச வந்த முதல் குளிர்காலம், 2019 கடைசி, ஒரு வெயார்ஹவுஸில இரவு ஷிஃப்ற், பிரேக் நேரம் எல்லாரும் போனைப் பாத்துக்கொண்டு "அவனைக் கீழ அனுப்பிப்போட்டாங்கள், பாவம்" எண்டு கதைச்சினம், நான் எங்கட ஷிஃப்ற்றில ஆரையோ வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள் எண்டு நினைச்சு நெஞ்சு பதறிப்போனன். பக்கத்தில இருந்த வயசான மனுசன் ஒராள், நியூஃபவுண்ட்லாண்ட் பக்கத்தவர், காட்போட் பெட்டி ஒண்டை இழுத்து பேனையால மூண்டு படி கீறினார். மேல் படியில லீஃப்ஸ், நடுப்படியில மார்லீஸ், கீழ்ப் படியில குரோலர்ஸ், மூண்டும் ஐஸ் ஹொக்கி ரீம். "கீழ அனுப்பிறது எண்டா இதுதான்" எண்டார். அந்த மூண்டு படியும் விளங்கினா இந்த ஊரில ஒக்ரோபர் தொடங்கி ஏப்ரல் மட்டும் சனம் என்ன கதைக்குது எண்டதில பாதி விளங்கும், அதாலதான் புதுசா வந்தவைக்கு இதை எழுதுறன்.

மேல் படி என்.எச்.எல், நாஷனல் ஹொக்கி லீக். மொத்தம் 32 ரீம், கனடாவும் அமெரிக்காவும் சேர்த்து. ரொறன்ரோவில மேப்பிள் லீஃப்ஸ், என்.எச்.எல்லின்ர பெரிய கப்பான ஸ்டான்லி கப்பைக் கடைசியா எடுத்தது 1967 இல, அந்த வருசத்தை ஆரிட்டையும் பகிடியாச் சொல்லிப்போடாதேங்கோ, இஞ்ச பிறந்து வளர்ந்த ஆக்களுக்கு அது உண்மையான நோவு. நடுப்படி ஏ.எச்.எல், அமெரிக்கன் ஹொக்கி லீக், 1936 இல தொடங்கினது, அதிலயும் இப்ப 32 ரீம், ஒரு என்.எச்.எல் ரீமுக்கு ஒரு ஏ.எச்.எல் ரீம் எண்ட கணக்கு. லீஃப்ஸுக்கு உரியது மார்லீஸ். கீழ்ப் படி ஈ.சி.எச்.எல், 1988 இல தொடங்கினது, அங்க இருக்கிற கனக்க ரீமுகளுக்கும் மேல ஒரு என்.எச்.எல் ரீமோட தொடர்பு இருக்கும், குரோலர்ஸ் அப்ப லீஃப்ஸோட சேர்ந்த ரீம். இந்தத் தொடர்பைத்தான் அஃபிலியேஷன் எண்டு சொல்லுறது. வெள்ளைக்காரர் "ஃபார்ம் ரீம்" எண்டும் சொல்லுவினம், எங்களுக்கு விளங்கிறமாதிரிச் சொன்னா நாத்துமேடை. நாத்தை அங்க வளர்த்து, பருவம் பாத்துப் பிடுங்கி, மேல வயலில நடுறது.

இதில புதுசா வாற ஆக்கள் எல்லாரும் ஒரு இடத்தில பிழையா விளங்கிக்கொள்ளுவினம், முக்கியமா இங்கிலிஷ் புட்போல் பாக்கிற பெடியள். கீழ் லீக்கில வெண்டா அடுத்த வருசம் மேல் லீக்குக்குப் போகலாம் எண்ட கதை இஞ்ச இல்லை. 2018 ஜூனில மார்லீஸ் ரெக்ஸஸ் ஸ்டார்ஸோட ஏழு மாட்ச் விளையாடி, ஏழாவதை ரொறன்ரோவிலயே வெண்டு கால்டர் கப் தூக்கினது, ஏ.எச்.எல்லில அதுதான் பெரிய கப். அடுத்த வருசமும் மார்லீஸ் ஏ.எச்.எல்லிலதான். ரீம் ஏறாது, ஆள்தான் ஏறுவான். ஊரில ஸ்கூல் கிரிக்கெற்றில செக்கண்ட் இலெவன் எவ்வளவு நல்லா விளையாடினாலும் பிக் மாட்ச்சுக்கு அந்த ரீம் அப்பிடியே போறதில்லைத்தானே, அதில நல்லா அடிக்கிற ஒருத்தனை ஃபேர்ஸ்ற் இலெவனுக்கு எடுப்பினம், அதே மாதிரி எண்டு வையுங்கோ.

சரி, ஆள் எப்பிடி ஏறுறான், எப்பிடி இறங்கிறான்? என்.எச்.எல் ரீம் ஒண்டு சீசனில 23 பேரைத்தான் மேல வைச்சிருக்கலாம், ஆனா 50 பேர் வரைக்கும் கொன்ராக்ற் எழுதலாம். மிச்ச ஆக்களில கனபேர் ஏ.எச்.எல்லில நிப்பினம். மேல ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சா கீழ இருந்து ஒருத்தனுக்குப் போன் வரும், அது கோல்-அப். காயம் ஆறி மேல ஆள் திரும்பி வந்தா கீழ இருந்து போனவன் பெட்டி கட்டோணும், அதுதான் வெயார்ஹவுஸில நான் கேட்ட "கீழ அனுப்பிறது". கொன்ராக்ற்றில ரெண்டு வகை இருக்கு. வண்-வே எண்டா மேல விளையாடினாலும் கீழ விளையாடினாலும் ஒரே சம்பளம். ரூ-வே எண்டா கீழ போன உடன சம்பளமும் விழும், நல்லா விழும். 2025-26 சீசனில என்.எச்.எல்லில ஆகக் குறைஞ்ச சம்பளமே வருசத்துக்கு 775,000 அமெரிக்க டொலர், அதை நாள்க்கணக்கில பிரிச்சுக் குடுப்பினம், அப்ப ஒரு பெடியன் மேல ஒரு கிழமை கூட நிண்டா அவன்ர வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. நாங்களும் மணித்தியாலக் கணக்கில வேலை செய்து ஓவர்ரைம் எண்ணின ஆக்கள்தான், அதால எனக்கு இந்த ரூ-வே பெடியளில ஒரு தனிப் பாசம்.

வெய்வர்ஸ் எண்டு ஒரு சொல்லும் அடிக்கடி காதில விழும். வயசும் அனுபவமும் ஒரு அளவைத் தாண்டின ஆளைச் சும்மா கீழ அனுப்பேலாது, முதல்ல மற்ற 31 ரீமுக்கும் "இவர் வேணுமோ" எண்டு 24 மணித்தியாலம் காட்டோணும். ஆராவது கேட்டா அவை பதிலுக்கு ஆள் குடுக்காமலே தூக்கிக்கொண்டு போகலாம், ரெண்டு மூண்டு ரீம் கேட்டா பொயின்ற்ஸில கீழ நிக்கிற ரீமுக்குத்தான் முதலுரிமை. ஒருத்தரும் கேக்கேல்லை எண்டா ஆள் கீழ போவான். இந்தச் சட்டம் நல்லது எண்டுதான் நான் நினைக்கிறன், இல்லாட்டி பணக்கார ரீமுகள் நல்ல பெடியளையெல்லாம் கீழ ஒளிச்சு வைச்சிருக்கும். சின்னப் பெடியளுக்கு வெய்வர்ஸ் தேவையில்லை, அதாலதான் அவங்கள் கிழமைக்கு ரெண்டு தரம் ஏறி இறங்கிறாங்கள்.

இன்னொண்டு, மார்லீஸோட நேர கொன்ராக்ற் எழுதின ஆக்களும் இருக்கினம், அவையை லீஃப்ஸ் நினைச்ச உடன மேல எடுக்கேலாது, முதல்ல என்.எச்.எல் கொன்ராக்ற் எழுதோணும். பொபி மக்மான் எண்ட ஆளின்ர கதை இதுக்கு நல்ல உதாரணம். அல்பேர்ட்டாக்காரர், டிராஃப்ற்றில, அதாவது என்.எச்.எல் ரீமுகள் முறைவைச்சுப் புதுப் பெடியளைத் தெரியேக்க, ஒரு ரீமும் எடுக்கேல்லை, 2020 இல மார்லீஸோட ஏ.எச்.எல் கொன்ராக்ற், அதுக்குப் பிறகு ஈ.சி.எச்.எல்லில விச்சிற்றா தண்டர் ரீமுக்கும் விளையாடி, பிறகு மார்லீஸில கோல் அடிச்சு, 2022 இல லீஃப்ஸ் கொன்ராக்ற், 2024-25 சீசனில லீஃப்ஸுக்கு 20 கோல். மூண்டு படியும் ஒவ்வொண்டா மிதிச்சு வந்தவர். என்ர மகனுக்கு இவரைத்தான் பிடிக்கும், எனக்கும்தான்.

கோச்மாரும் இந்த ஏணியிலதான் ஏறுவினம். 2018 கப் எடுக்கேக்க மார்லீஸ் கோச் ஷெல்டன் கீஃப். 2019 நவம்பரில லீஃப்ஸ் மைக் பாப்கொக்கை நிப்பாட்டினவுடன கீஃப்தான் மேல போனவர். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் அப்ப, அந்தக் கிழமை முழுக்க லஞ்ச் றூமில வேற கதை இல்லை.

அந்தக் குளிர்காலத்தில நடந்த இன்னொரு விஷயத்தைச் சொல்லாமப் போகேலாது. 2020 பெப்ரவரி 22, லீஃப்ஸும் கரோலினா ஹரிக்கேன்ஸும் ரொறன்ரோவில மாட்ச். கரோலினாவின்ர ரெண்டு கோலிமாரும், அதாவது கோல் காக்கிறவை, ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா காயப்பட்டுப்போச்சினம். அப்பயெல்லாம் இப்பிடி நடந்தா ரெண்டு ரீமில எதுக்கும் இறங்கிறதுக்கெண்டு ஒரு அவசரக் கோலி மண்டபத்தில இருப்பார், அண்டைக்கு அது டேவிட் எயர்ஸ், 42 வயசு, ஸம்போனி எண்ட ஐஸ் மட்டம் செய்யிற வண்டி ஓட்டி வேலை செய்தவர், மார்லீஸ் பயிற்சியில கோலியா நிண்டு குடுக்கிறவர், 2004 இல அம்மா குடுத்த சிறுநீரகத்தோட வாழுற மனுசன். வந்த பத்து ஷொட்டில முதல் ரெண்டும் உள்ள போச்சு, அதுக்குப் பிறகு எட்டையும் மறிச்சார், கரோலினா 6-3 எண்டு வெண்டது. லீஃப்ஸ் தோத்த கவலை ஒரு பக்கம், ஆனா அடுத்த நாள் வேலையில ஆரும் அவரைப் பற்றி ஒரு சொல்லுக் குறைவாக் கதைக்கேல்லை. நடுப்படியில எத்தினை பேர் பேர் தெரியாமல் நிக்கினம் எண்டது எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது.

எல்லா ஊரிலயும் மேல் ரீமும் கீழ் ரீமும் கிட்டக் கிட்ட இல்லை. ரொறன்ரோவில ரெண்டுக்கும் இடையில நாலைஞ்சு கிலோமீற்றர்கூட வராது, அதால பின்னேரம் மார்லீஸில விளையாடவேண்டிய ஆள் ராத்திரி லீஃப்ஸ் சட்டை போடுவான், சம்பள உச்சவரம்பில (ஒரு ரீம் தன்ர ஆக்களுக்குக் குடுக்கக்கூடிய மொத்தச் சம்பள எல்லை) கொஞ்சம் மிச்சம் பிடிக்க மாட்ச் இல்லாத நாளில கடுதாசியில மட்டும் கீழ அனுப்பிப்போட்டு அடுத்த நாள் திருப்பி எடுக்கிறதும் முந்தி லேசா இருந்தது. வின்னிபெக்கில ஜெற்ஸும் மனிற்றோபா மூஸும் ஒரே மண்டபம், கல்கரியில ஃபிளேம்ஸும் ரங்லேர்ஸும் அப்பிடித்தான். மொன்றியலில இருக்கிற எங்கட ஆக்களுக்கு லவால் ரொக்கெற், மொன்மொரான்சி மெற்றோ ஸ்ரேஷனில இறங்கினா பிளாஸ் பெல் நடை தூரம். ஒட்டாவாவின்ர பெடியள் பெல்வில் சென்னற்றேர்ஸில, எங்களுக்கு 401 ஹைவேயில கிழக்கால ரெண்டு மணித்தியால ஓட்டம். வன்கூவருக்கு அபொட்ஸ்ஃபோர்ட், 2025 இல கால்டர் கப் எடுத்தது அவைதான். எட்மன்ரனுக்கு மட்டும் பாவம், அவையின்ர நாத்துமேடை கலிஃபோர்னியாவில, பேக்கர்ஸ்ஃபீல்டில.

இந்தத் தொடர்பு எல்லாம் ஒரே மாதிரி எண்டும் இல்லை. மார்லீஸும் லீஃப்ஸும் ஒரே முதலாளியின்ர சொத்து. ஆனா பென்சில்வேனியாவில ஹேர்ஷி பெயர்ஸ் எண்ட ரீம் 1938 தொடங்கி ஏ.எச்.எல்லில இருக்கு, சொக்லேற் ஹேர்ஷியேதான், அதின்ர சொந்தக்காரர் வேற, வொஷிங்ரன் கப்பிற்றல்ஸோட 2005 தொடங்கி ஒப்பந்தம் மட்டும்தான், ரெண்டும் சண்டை இல்லாமல் ஓடுது, 2023 உம் 2024 உம் கப் அவைக்குத்தான். சிக்காகோ வூல்வ்ஸ் மற்ற மாதிரி. 2022 இல கரோலினாவின்ர பெடியளோட கப் எடுத்தவை, அடுத்த வருசம் முடிய ரெண்டு பகுதியும் பிரிஞ்சுது, வூல்வ்ஸுக்கு வெல்லோணும், மேல உள்ளவைக்குச் சின்னப் பெடியளை விளையாட விட்டுப் பழக்கோணும். 2023-24 முழுக்க வூல்வ்ஸ் ஒருத்தரோடயும் சேராமல் தனிய விளையாடிச்சு, கரோலினா தன்ர பெடியளை அங்க இஞ்ச எண்டு மற்ற ரீமுகளில விட்டுது. அடுத்த சீசன் ரெண்டு பேரும் திரும்பச் சேர்ந்திட்டினம். நாத்துமேடை எண்டாலும் அந்த ஊர்ச் சனம் காசு குடுத்து வந்து குந்தியிருக்கிறது வெற்றியைப் பாக்கத்தான், இதை மேல இருக்கிற ஆக்கள் சிலவேளை மறந்துபோறது எனக்குச் சரியாப் படேல்லை.

ஏன் இதை இவ்வளவு சொல்லுறன் எண்டா, பெட்டியில படி கீறின அந்த மனுசன் நியூஃபவுண்ட்லாண்டில செயின்ற் ஜோன்ஸ்காரர். 1991 தொடங்கி 2005 மட்டும் லீஃப்ஸின்ர ஏ.எச்.எல் ரீம் அவற்ற ஊரிலதான் இருந்தது, அதைத்தான் இஞ்ச கொண்டுவந்து, பழைய ஜூனியர் ரீம் ரொறன்ரோ மார்ல்பரோஸின்ர நினைவா மார்லீஸ் எண்டு பேர் வைச்சவை. பிறகு 2018 இல அவைக்கு ஈ.சி.எச்.எல்லில நியூஃபவுண்ட்லாண்ட் குரோலர்ஸ் கிடைச்சுது, அதுவும் லீஃப்ஸோட சேர்ந்தது, முதல் சீசனிலயே ஈ.சி.எச்.எல்லின்ர கெலி கப் எடுத்தினம். அவர் அந்தத் தொப்பியைத்தான் வேலைக்குப் போட்டுக்கொண்டு வாறவர். 2024 ஏப்ரலில அந்த ரீமை லீக் நிப்பாட்டிப்போட்டுது, சீசன் முடியக்கூட இல்லை. நான் போன் பண்ணினன், கனக்கக் கதைக்கேல்லை. ஊரை விட்டுத் தூர இருக்கிற ஒராளுக்கு ஊரின்ர ரீம் எண்டா என்னெண்டு எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

இனி ஒரு சொல் மயக்கம் இருக்கு, இதைக் கவனமா வாசியுங்கோ. பக்கத்து வீட்டுக்காரி "என்ர மகன் மைனர் ஹொக்கி விளையாடுறான்" எண்டா அவன் மார்லீஸில இல்லை, எட்டு வயசு, கிட்ட இருக்கிற அரீனாவில விளையாடுறான். கனடாவில மைனர் ஹொக்கி எண்டா சின்னப் பிள்ளையள்ர ஹொக்கி, மைனர் லீக் எண்டாத்தான் நான் மேல சொன்ன சம்பள ஹொக்கி. அதுபோல ஓஷவா ஜெனரல்ஸ், பிராம்ரன் ஸ்ரீல்ஹெட்ஸ் மாதிரி ரீமுகள் ஓ.எச்.எல், ஒன்ராறியோ ஹொக்கி லீக், ஜூனியர், பெரும்பாலும் 16 தொடக்கம் 20 வயசுப் பெடியள். அதுகள் எந்த என்.எச்.எல் ரீமின்ரயும் கீழ் ரீம் இல்லை. அங்க விளையாடுறவனை எந்த என்.எச்.எல் ரீமும் டிராஃப்ற்றில எடுக்கலாம், எடுத்த பிறகும் அவன் தன்ர ஜூனியர் ரீமிலயே நிக்கலாம். ஓஷவா பக்கம், ஏஜாக்ஸ் பக்கம் வீடு எடுத்திருக்கிற ஆக்கள் ஜெனரல்ஸைப் போய்ப் பாருங்கோ, நல்ல ஹொக்கி.

லீஃப்ஸ் மாட்ச்சுக்குக் குடும்பமாப் போறதெண்டா வந்த புதுசில நினைச்சும் பாக்கேலாது, மேல் தட்டில ஒரு சீற்றே நூறு டொலரைத் தாண்டும். மார்லீஸ் அதில சின்னப் பங்குதான், மண்டபமும் ஏறக்குறைய எட்டாயிரம் பேர் கொள்ளுறது, எங்க இருந்தாலும் முகம் தெரியும். கொக்கா-கோலா கொலிசியம், எக்ஸிபிஷன் பிளேஸில, ஓகஸ்ற்றில சி.என்.ஈ எண்ட பெரிய கண்காட்சி நடக்கிற அதே வளவு. ஸ்காபரோவில இருந்து எண்டா கெனடியில சப்வே லைன் ரூ எடுத்து பாதேர்ஸ்ற் ஸ்ரேஷனில இறங்கி 511 ஸ்ரீற்கார், இல்லாட்டி யூனியன் போய் 509. கோ ட்ரெயினுக்கும் எக்ஸிபிஷன் எண்டு ஸ்ரேஷன் இருக்கு. அந்தப் பக்கம் கட்டட வேலையள் நடக்கிறதால கிளம்ப முதல் ஒருக்கா ரூட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ.

சனி ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வாற மாட்ச் எடுங்கோ, பிள்ளையளோட நேரத்துக்கு வீடு வரலாம். உள்ளதானே எண்டு மெல்லிசா உடுத்திக்கொண்டு போகாதேங்கோ, ஐஸுக்குப் பக்கத்தில குளிரும், பிள்ளைக்குத் தொப்பி, தடிச்ச சொக்ஸ் கட்டாயம். இருபது நிமிசப்படி மூண்டு பீரியட், இடையில ஸம்போனி ஓடேக்க சாப்பாட்டு லைன் நீளும், அதுக்கு முதலே வாங்கிவையுங்கோ. முக்கியமா மாட்ச் தொடங்க முக்கால் மணித்தியாலத்துக்கு முதலே போங்கோ, வார்ம்-அப் நேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக்குக் கிட்டப் போய் நிண்டா சிலவேளை ஒரு பெடியன் பக்கை, அதாவது அவை அடிச்சு விளையாடுற கறுப்பு ரப்பர் வட்டை, மேலால தூக்கிப் போடுவான். எங்கட வீட்டில சாமியறைக்குப் பக்கத்து ஷெல்ஃபில ஒண்டு கிடக்கு, எறிஞ்ச பெடியன் அடுத்த கிழமை லீஃப்ஸில விளையாடினவன்.