சதுப்பு நிலத்தில் மனை போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

கடலோரச் சதுப்பு நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அதைக் கட்டடம் தாங்கும் தரையாக்கும் செலவு இன்னும் எவர் தலையிலும் விழவில்லை என்றே பொருள். ஆகவே நில விலையிலிருந்து கணக்கைத் தொடங்காதீர்கள். கட்டி முடித்த வீடுகள் என்ன விலைக்குப் போகும் என்று மதிப்பிட்டு, அதிலிருந்து கட்டுமானச் செலவு, கடன் வட்டி, நியாயமான இலாபம், சதுப்புக்கே உரிய செலவுகள் ஆகிய அனைத்தையும் கழித்தபின் மிஞ்சுவதே நிலத்துக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை.

அச்செலவுகளில் முதன்மையானது மண் சார்ந்தது. மென்களிமண்ணின் மேல் மண்ணைக் கொட்டி உயர்த்தினால், அந்தப் பாரத்தில் களிமண்ணிலுள்ள நீர் சிறிது சிறிதாக வெளியேறி, தரை பல ஆண்டுகள் அமிழ்ந்துகொண்டே இருக்கும். பைல் அடித்தளத்தில், அதாவது ஆழத்திலுள்ள உறுதியான மண்வரை இறக்கிய தூண்களின் மேல், நிற்கும் வீடு அசையாது. தெரு மட்டும் இறங்கும். வாசற்படிக்குக் கீழே இடைவெளி விழும், கழிவுநீர்க் குழாய் சுவரை ஒட்டி முறியும், அந்தப் பழுதுச் செலவு குடியேறியவர்களையே சேரும். பைரைட் என்ற இரும்பு–கந்தகக் கனிமம் கலந்த சதுப்பு மண்ணை வடித்து உலரவிட்டாலோ, காற்றுப்பட்டுக் கந்தக அமிலம் உருவாகி கான்கிரீட்டையும் இரும்பையும் அரிப்பதுடன் நீர்நிலையில் மீன்களையும் மடியச் செய்யும். எனவே பல இடங்களில் துளையிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். இதில் சிக்கனம் கூடவே கூடாது.

அடுத்து, ஓதம் (கடல் நீரேற்றம்) ஏறும் உச்ச மட்டத்தை வரைபடத்தில் குறித்து, மேட்டில் மட்டும் வீடுகளை நெருக்கமாக அமையுங்கள். நிரப்பு மண், சாலை, வடிகால் எல்லாமே குறையும்; தொடாமல் விட்ட சதுப்பு அலையின் வேகத்தைத் தணிக்கும். வீடுகளுக்கும் சதுப்புக்கும் நடுவே காலி நிலமும் வேண்டும். 1995–2014 சராசரியோடு ஒப்பிட, 2100-க்குள் கடல்மட்டம் 0.28 முதல் 1.01 மீட்டர் வரை உயரக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021-இல் மதிப்பிட்டது. அப்போது உள்நோக்கி நகர வழியில்லாத சதுப்பு மூழ்கி அழியும்.

வட்டிக் கணக்கு இங்கே ஏமாற்றக்கூடியது. ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் பின்னோக்கிக் கணக்கிட்டால், 50 ஆண்டுகள் கழித்து நேரும் 100 பங்கு இழப்பு இன்றைய மதிப்பில் 2 பங்கை ஒட்டியே நிற்கும். வெள்ளத்தில் நிற்பவருக்கோ அது முழுதாக 100 பங்குதான். நிரப்பிய சதுப்பை மீட்பதும் அரிது. திரும்பப் பெற முடியாத முடிவைத் தள்ளிவைப்பதற்கே ஒரு பொருளாதார மதிப்பு உண்டு என்று பொருளியலாளர்கள் கென்னத் ஆரோவும் அந்தோனி ஃபிஷரும் 1974-இலேயே காட்டினர். அதனால் முழு விலை கொடுத்து வாங்கிவிடாமல், மண் பரிசோதனையும் அனுமதியும் சாதகமாக வந்தால் மட்டுமே கிரயம், இல்லையேல் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஒப்பந்தம் போடுங்கள்.