களிம்பு தடவும் முன் பாருங்கள்: குழந்தைகளின் தோல் தடிப்புகளை அடையாளம் காண்பது

குழந்தையின் உடம்பில் தடிப்பு தெரிந்ததும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ட்யூபை வாங்கித் தடவிவிடுகிறோம். அதில் பல நேரம் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு ஓரிரு நாளில் அரிப்பை அமுக்கிவிடும், ஆனால் கிருமி அப்படியே இருக்கும். அதனால் முதல் வேலை, நன்றாகப் பார்ப்பது.

பகல் வெளிச்சத்தில் உடைகளை முழுக்கக் கழற்றிவிட்டுப் பாருங்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு தெளிவாகத் தெரியாது; கருஞ்சிவப்பாக, பழுப்பாக, சில சமயம் வெறும் மேடாக மட்டும் இருக்கும். விரலால் தடவினால்தான் சொரசொரப்பு புரியும். விரல் இடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால், காதுக்குப் பின்புறம், வாய்க்குள், டயபர் மூடும் இடம் எதையும் விடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து வைத்தால் மறுநாள் ஒப்பிடலாம்.

காய்ச்சல் இல்லாமல் இரவில் மட்டும் அரிப்பு தாங்காமல் குழந்தை தூக்கத்தில் சொறிகிறதா? வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறதா? அப்படியென்றால் சிரங்கை, அதாவது ஸ்கேபீஸைச் சந்தேகியுங்கள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், பிறப்புறுப்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கும். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்காலிலும் தலையிலும்கூட வரும். இது தோலுக்குள் வளை தோண்டும் நுண்ணிய பூச்சியால் வருவது. டாக்டர் வழக்கமாகத் தருவது 5% பெர்மெத்ரின் கிரீம். கழுத்திலிருந்து பாதம் வரை (கைக்குழந்தைக்கு டாக்டர் சொன்னபடி தலையிலும்), நக இடுக்கு உட்பட, இரவில் தடவி 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் தடவக் கூடாது.

சிரங்கு திரும்பத் திரும்ப வருவதற்கு முக்கியக் காரணம், அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து போடுவது. அரிப்பு இல்லாவிட்டாலும் வீட்டில் எல்லோரும் அதே இரவில் தடவ வேண்டும். துணி, படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி சில நாள் ஒதுக்கி வையுங்கள். பூச்சி செத்த பிறகும் அரிப்பு 2 முதல் 4 வாரம் நீடிக்கும். மருந்து பலிக்கவில்லை என்று தினமும் தடவாதீர்கள், தோல் எரியும்.

ஓரம் மேடாகிச் செதில் உதிர்ந்து, நடு தெளிவாக வட்டமாகப் படர்ந்தால் படர்தாமரை. ஸ்டீராய்டு கலந்த களிம்பு இதற்குத்தான் அதிகக் கெடுதல்: வட்டம் கலைந்து பரவிவிடும், பிறகு டாக்டருக்கே அடையாளம் காண்பது கடினம். தலையில் வந்து முடி உதிர்ந்தால் களிம்பு போதாது, மாத்திரையோ சிரப்போ தேவை.

குழந்தையின் கன்னத்திலும், வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பிலும் வறண்டு அரித்தால் கரப்பான், அதாவது எக்ஸிமா. வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, ஈரம் ஒற்றியதும் சில நிமிடங்களுக்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். கழுத்து, முதுகில் கோடையில் பொடிப்பொடியாக வருவது வேர்க்குரு. காற்றோட்டமும் பருத்தி உடையும் போதும், பவுடரை அப்ப வேண்டாம். மூக்கு, வாயைச் சுற்றித் தேன் நிறப் பொறுக்கு கட்டினால் பாக்டீரியா தொற்று. பிறருக்கு எளிதில் பரவும், டாக்டரிடம் காட்டுங்கள்.

காய்ச்சலோடு வந்தால் எந்த வரிசையில் வந்தது என்று கவனியுங்கள். வாய்ப்புண்ணோடு உள்ளங்கை, உள்ளங்கால், புட்டத்தில் கொப்புளம் என்றால் தக்காளிக் காய்ச்சல். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் அடங்கும். சில வாரம் கழித்து நகம் உரிந்தால் பயப்பட வேண்டாம். சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், பொறுக்கு மூன்றும் ஒரே நேரத்தில் உடம்பில் இருந்தால் சின்னம்மை; எல்லாம் பொறுக்காகும் வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்ணோடு சில நாள் காய்ச்சல் அடித்த பிறகு, தடிப்பு காதோரத்தில் தொடங்கிக் கீழிறங்கினால் தட்டம்மை; உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடைசியாக ஒரு கண்ணாடி டம்ளரைத் தடிப்பின் மேல் அழுத்திப் பாருங்கள். நிறம் மங்காமல் அப்படியே தெரிந்தால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. கறுத்த தோலில் இதை உள்ளங்கை, உள்ளங்காலில் பார்ப்பது எளிது. காய்ச்சலோடு இப்படி இருந்தாலோ, குழந்தை எழுப்பியும் சோர்ந்து கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ, காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள், 108-ஐ அழைக்கலாம்.