பார்ன்ஸ் ஓவியத் தகராறுப் படத்தை மொட்டை மாடியில் போட்டுப் பேசுவது எப்படி

2009இல் வந்த 'தி ஆர்ட் ஆஃப் த ஸ்டீல்' (திருட்டுக் கலை என்று அர்த்தம்) ஆவணப்படத்தை ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ நாலு பேரை உட்கார வைத்துப் போடப் போகிறீர்களா? படம் முழுக்க ஆங்கிலப் பேச்சு. அதனால் கதையைத் தமிழில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஃபிலடெல்ஃபியாக்காரர் ஆல்பர்ட் பார்ன்ஸ், ஆர்ஜிரால் என்ற கிருமிநாசினி விற்றுச் சம்பாதித்த பணத்தில் ரெனுவார் வரைந்தவை 181, செசான் வரைந்தவை 69 என்று ஓவியங்களை வாங்கிக் குவித்து, 1922இல் அறக்கட்டளை தொடங்கி, ஊருக்கு வெளியே மெரியனில் வைத்தார். விற்கக் கூடாது, இரவல் தரக் கூடாது, சுவரிலிருந்து நகர்த்தவே கூடாது என்று எழுதியும் வைத்தார். 1951இல் கார் விபத்தில் இறந்துபோனார். அப்புறம் பணக் கஷ்டம், அக்கம்பக்கத்தாரோடு வழக்கு, கடைசியில் 2004இல் நகரத்துக்குள் மாற்றலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

திரைக்கு வெள்ளை வேட்டி போதும், ஆனால் கடல் காற்று சும்மா விடாது, கீழ் ஓரத்தில் செங்கல் கட்டுங்கள். திரையிடும் உரிமையைப் பட விநியோகஸ்தரிடம் கேட்டு வாங்குங்கள், டிக்கெட் போடாவிட்டாலும்.

படம் முடிந்ததும் எல்லோரும் "திருட்டுதான்" என்பார்கள், ஏனென்றால் தலைப்பிலேயே தீர்ப்பு இருக்கிறது, படத்துக்குப் பணம் போட்டவரும் பார்ன்ஸ் அறக்கட்டளையில் படித்த முன்னாள் மாணவர். கை தூக்கச் சொல்லி எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு படத்தில் இல்லாததைச் சொல்லுங்கள்: 2012இல் திறந்த புதுக் கட்டடத்தில், மெரியன் அறைகளில் எது எங்கே தொங்கியதோ அதே வரிசையில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

அடுத்து பச்சையப்பன் கல்லூரிப் பெயரில் இருக்கிற பச்சையப்பரைக் கொண்டு வாருங்கள், இங்கேதான் பேச்சு சூடாகும். 1794இல் இறந்த அவர் கோயில், தர்மம் என்று எழுதி வைத்த பணம் வழக்கில் பல வருடம் சிக்கி, நீதிமன்றம் வழியாகப் படிப்புக்குத் திரும்பி, 1842இல் பள்ளிக்கூடமாச்சு. என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் பச்சையப்பர் மண்டபத்தைத் தாண்டிப் போகாத வடசென்னைக்காரர் யார்? உயிலை மீறுவது பார்ன்ஸுக்குத் துரோகம் என்றால் இது என்ன என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது என் கட்சி, பார்ன்ஸ் 'கூடாது' என்று தெளிவாக எழுதினார். ஆனால் அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், கூட்டத்திலிருந்து யாராவது சொல்லட்டும்.

மறுபடி கை தூக்கச் சொல்லி, ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்காரர் அடுத்த தடவை மாடிச் சாவி தர மாட்டார்.